அவசரப் பைக்கு ஒரு கைக்கோடாலி

பேருந்து நிலையத்தில் மைக் பிடிக்கிற வேலை அவருக்கு. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வார். பத்தொன்பது வருடம் இப்படியே போனதில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவருடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் அவர் ‘கனிவு’ தான். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட அதை அந்தக் குரலில்தான் மனைவிக்கு அறிவிப்பார்.

குரலில் இருந்த நிதானம் மனதில் இல்லை. எந்தப் பாலத்தில் விரிசல், எங்கே மண் சரிவு என்பதெல்லாம் முதலில் அவர் காதுக்குத்தான் வரும். போன மழைக்காலத்தில் புயலால் சாலைகள் மூடியபோது, இரண்டு நாள் கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு, பேருந்துகள் இல்லை என்பதையே மாற்றி மாற்றி அறிவித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட். அதைப் பல்லால் கடித்துக் கிழிக்கப் போய்ப் பல் ஆடிப்போனதுதான் மிச்சம்.

வீடு திரும்பியதும் ஒரு முதுகுப்பை வாங்கினார். ‘அவசரப் பை’ என்று பெயர் வைத்தார். டார்ச், கயிறு, விசில், மாத்திரைகள், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே வாரத்தில் உள்ளே போய்விட்டன. பட்டியலின் கடைசி வரியில்தான் வண்டி நின்றது: வெட்டும் கருவி, ஒன்று.

அந்த ஒன்றுக்கு நான்கு மாதம் ஆனது. கறிக்கடைக்காரரைக் கேட்டார். “நல்ல கனமான கத்தியா பாருங்க சார். எலும்பே துண்டாகும்” என்றார் அவர். யாருடைய எலும்பு என்று யோசித்து அன்று இரவு தூங்கவில்லை. தச்சு வேலை பார்க்கும் சகலையைக் கேட்டார். “கைக்கோடாலி வாங்குங்க சகலை. வெட்டலாம், பிளக்கலாம், திருப்பிப் பிடிச்சா ஆணி அடிக்கலாம்.” ஒன்றில் மூன்று என்றதும் கனிவின் முகம் மலர்ந்தது.

ஒருவரை மட்டும் அவர் கேட்கவில்லை. அது அவருடைய மனைவி. அந்தம்மாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர் வேலை. காலையிலிருந்து மாலை வரை வெட்டுவது ஒன்றுதான் வேலை.

ஒருநாள் மதிய இடைவேளையில் எதிரே இருந்த இரும்புக்கடையில் கைக்கோடாலியை வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கூண்டுக்குள் மேசைக்கு அடியில் சாய்த்து வைத்தார். மூன்று மணி அறிவிப்புக்கு நேரமாகிவிட்டது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கத்தி முதலிய கூர்மையான பொருட்களை நிலையத்துக்குள் எடுத்து வருவது தண்டனைக்குரியது” என்று படித்துக்கொண்டே காலை நீட்டினார். கோடாலி தடாலென்று தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் பதினாறு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

காவலாளி ஓடிவந்து குனிந்து பார்த்தார். “ஊருக்குத்தான் உபதேசமாண்ணே?”

“இது அவசரத்துக்குப்பா.”

“அப்படி என்னண்ணே அவசரம், கோடாலி எடுக்கிற அளவுக்கு?”

பேருந்தில் வீடு திரும்பும்போது செய்தித்தாள் கிழிந்து கோடாலியின் வாய் வெளியே எட்டிப்பார்த்தது. அத்தனை கூட்டத்திலும் அவருக்குப் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது.

வாங்கியதைச் சோதித்துப் பார்க்காமல் பையில் போடலாமா? சமையலறையில் கிடந்த பழைய முக்காலியின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டார். கோடாலி பாதி இறங்கி அப்படியே பிடித்துக்கொண்டது. இழுத்தால் முக்காலியும் சேர்ந்து வந்தது. இரண்டையும் தூக்கித் தூக்கித் தரையில் மோதினார். நாலாவது மோதலில் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் படியேறி வந்து கதவில் நின்றார்.

“என்ன சார் நடக்குது இங்க?”

“ஒத்திகை” என்றார் கனிவு. கோடாலியில் முக்காலி தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழையோடு காற்று பேயாக அடித்தது. தன்னுடைய ஸ்கூட்டர் நனைந்துவிடும் என்று வீட்டுக்காரர் அதைத் தள்ளிக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் ஓடினார். அவர் உள்ளே போனதுதான் தாமதம், காற்றில் கதவு சாத்திக்கொண்டது; வாசல் மரத்தின் கிளை ஒன்று முறிந்து கொட்டகைக் கதவுக்குக் குறுக்கே விழுந்தது. வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அடியில் ஒரு சாண் இடைவெளி. அது வழியாக அவருடைய செருப்பும் குரலும் மட்டும் வெளியே வந்தன.

“யாராவது வாங்க! மூச்சு முட்டுது!”

கனிவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பட்டியல் போட்ட நாளிலிருந்து காத்திருந்த நேரம் இது. கைக்கோடாலியோடு படியிறங்கினார். “தயவுசெய்து பொறுமை காக்கவும்” என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓங்கினார். பச்சைக் கிளை. பந்து மாதிரி கோடாலியைத் திருப்பி அனுப்பியது. இரண்டாவது வெட்டில் பட்டை தெறித்து அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது. மூன்றாவது வெட்டு ஈரத்தில் வழுக்கி, அவருடைய இடது செருப்பின் நுனியைச் சீவிக்கொண்டு போனது. கட்டைவிரல் தப்பியது நூலிழையில்.

“போதும், கீழ வைங்க அதை” என்று பின்னால் மனைவியின் குரல் கேட்டது. அந்தம்மா கிளையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து பார்த்தார். ஓர் இடத்தில் கையை வைத்து அழுத்தினார். பிறகு கதவருகே உட்கார்ந்தார்.

“சார், உள்ள ரம்பம் ஏதாவது இருக்கா?”

“இருக்கும்மா. செவுத்துல மாட்டியிருக்கு.”

“அதை இப்படித் தள்ளுங்க.”

கதவின் இடுக்கு வழியாகத் துருப்பிடித்த ரம்பம் ஒன்று வெளியே வந்தது. அவ்வளவு நேரமும் அதன் கீழேதான் வீட்டுக்காரர் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் வெட்ட வேணாங்க. கதவை மறிக்கிறது இந்த ஒரு கொம்புதான்” என்றார் மனைவி. “நடுவுல அறுத்தா பாரம் அழுத்தி ரம்பம் மாட்டிக்கும். நுனிப்பக்கம் வாங்க. அவசரப்படாம முழு நீளத்துக்கும் இழுங்க.”

மாற்றி மாற்றி அறுத்தார்கள். கால் மணி நேரத்தில் கொம்பு விழுந்தது. வீட்டுக்காரர் வெளியே வந்து ஒரு பெருமூச்சு விட்டார். முதலில் ஸ்கூட்டரைத்தான் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் மாலை கணவனும் மனைவியும் இரும்புக்கடைக்குப் போனார்கள். அந்தம்மா கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு கைப்பிடியாகப் பிடித்துப் பார்த்தார். வழுக்கியதையெல்லாம் தள்ளிவைத்தார். கடைசியில் ஒரு மடக்கு ரம்பம், விரல் நீளத்துக்கு ஒரு மடக்குக் கத்தி. ஐந்தே நிமிடம். கைக்கோடாலி சகலையின் பட்டறைக்குப் போயிற்று.

இரவுச் சாப்பாட்டில் கனிவு மெதுவாகக் கேட்டார்: “உங்க கம்பெனியில எப்படி வெட்டுவீங்க? ஒவ்வொண்ணாவா?”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் மனைவியின் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“ஒவ்வொண்ணா வெட்டினா விடிஞ்சிடும். எண்பது துணியை ஒண்ணு மேல ஒண்ணு விரிச்சு, ஒரே வெட்டு. இம்மி பிசகினா எண்பது சட்டையும் போச்சு.”

“பயமா இருக்காதா?”

“முதல் வருஷம் பயம்தான். ஒரு தடவை எண்பது சட்டைக்கும் இடது கையே ரெண்டு ரெண்டா வெட்டிட்டேன்.”

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “அப்புறம்?”

அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.