அக்காவின் வேனும் இரண்டு பேட்டரிகளும்

அக்காவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். மூக்கில் மாஸ்க் மாட்டி, அதன் வழியாக ஒரு சின்ன மிஷின் இரவெல்லாம் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்குவாள். அது வந்த பிறகு, ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டை விட்டு வெளியூரில் தங்குவதையே நிறுத்திவிட்டாள். போன இடத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயம்.

தி.நகரில் நடத்திவந்த தையல் கடையை மூடியதும், பழைய வேன் ஒன்று வாங்கி உள்ளே கட்டில் போட்டு ஊர் சுற்றலாம் என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேன் வந்தது, கட்டிலும் குட்டி ஃபிரிட்ஜும் வந்தன. மிஷினை ஓட்டப்போகும் பேட்டரியை மட்டும் யாரிடமும் விடமாட்டேன் என்று, வாரக்கணக்கில் செல்போனில் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தாள்.

கோடம்பாக்கத்தில் ஷூட்டிங் கேரவன்களுக்கு ஒயரிங் செய்யும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு லாரி பேட்டரியைத் தட்டிக் காட்டினார்.

"இன்னாம்மா யோசிக்கிற? லாரியே இதுல கெளம்புது. உன் மிஷினு எம்மாத்திரம்?"

"கிளப்புறதுக்கு ஒரே தம்ல கொடுக்கும், சரி. எனக்கு ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும். தினம் அப்படி சார்ஜ் இறங்கி ஏறினா இது சீக்கிரம் செத்துடுமே."

அவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் காட்டினார்.

"அதுல ஆசிட் இருக்கு, சார்ஜ் ஏறும்போது கேஸ் வரும். நான் கட்டிலுக்கு அடியிலதானே வைக்கப்போறேன்?"

"எல்லாம் தெரிஞ்சுக்கினுதான் வந்துகீறே!" என்று சிரித்தபடி உள்ளேயிருந்து ஆசிட் இல்லாத இரண்டு லித்தியம் பேட்டரிகளை எடுத்து வந்தார். விலை கூடுதல்தான். அக்கா கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஒயரிங்கையும் அவளே செய்தாள். இரண்டு பேட்டரிக்கும் நடுவே போகும் ஒயர்களை இன்ச் டேப் வைத்து ஒரே நீளத்துக்கு வெட்டினாள். வேனுக்குள் போகும் பிளஸ்ஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸை இரண்டாவதிலிருந்தும் எடுத்தாள். "அப்பதான் ரெண்டும் சமமா உழைக்கும். இல்லன்னா ஒண்ணு சோம்பேறி ஆயிடும், இன்னொண்ணு சீக்கிரம் கிழண்டு போயிடும்" என்றாள். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ் ஒன்றை மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் சோதனை. அக்கா மிஷினை மாட்டிக்கொண்டு வேனுக்குள் படுத்தாள். நான் காபி போட கரண்ட் அடுப்பைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. அவள் எழுந்து எல்லாவற்றையும் அணைத்து, ஒயர் முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று மட்டும் சுட்டது.

"ஒயர் முனையில மாட்டுற லக்கை சரியா நசுக்கல நான்," என்றாள்.

"அடுப்பு வேணாம்க்கா, விடு. மிஷின் ஓடினா போதாதா?"

"காபி இல்லாம நீ வண்டி ஓட்டுவியா?"

அந்த ஒன்றை மட்டும் சரிசெய்திருக்கலாம். அவள் எல்லா ஒயர் முனைகளையும் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக நசுக்கினாள். இழுத்து இழுத்துப் பார்த்தாள். நானாக இருந்தால் ஒயரிங்குக்கு ஆள் வைத்திருப்பேன், இப்போது அவரைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பேன். தன் வேலையைத் தானே கோபப்படாமல் பிரித்துப் போடும் அந்த நிதானத்தை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. மறுபடி அடுப்பைப் போட்டோம், முனைகள் சுடவில்லை. அக்கா மிஷினோடு சாயங்காலம் வரை தூங்கினாள்.

அடுத்த மாதம் தரங்கம்பாடியில் கடலோரமாக வேனை நிறுத்தித் தங்கினோம். காலையில் நான் கண்விழித்தபோது கட்டிலில் அவள் இல்லை. கதவைத் திறந்தேன். மணலில், கன்னத்தில் மாஸ்க் பதிந்த தடத்தோடு, மீன்காரம்மாவிடம் கொடுவாவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.