டேங்க் மூடிக்கு வைத்த சந்தனம்

பெட்ரோல் வாயில் பட்டால் முதலில் எரியும், பிறகு குமட்டும், அப்புறம் நாள் முழுக்க எதைத் தின்றாலும் ஏப்பத்தில் அதுதான் வரும். தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த ஏப்பம்தான். சோமனூரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தறிகளை விற்றுவிட்டு, அப்பா ஒரு பழைய மோட்டார் படகை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் குளத்தில் ஜனங்களை ஏற்றிச் சுற்றிக்காட்டப் போகிறாராம். குளமா அது! சாக்கடையும் சாயத்தண்ணீரும் வந்து சேர்கிற, ஆகாயத்தாமரைக்கு நடுவே செத்த கோழி மிதக்கிற குட்டை. பஞ்சாயத்துத் தலைவரை ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் கரைசேர்த்தால்தான் அனுமதி. இல்லாவிட்டால் அப்பா அடுத்தவர் தறியில் கூலிக்கு நிற்கவேண்டியதுதான்.

ஆயுத பூசை வரைக்கும் ஒழுங்காக ஓடிய எஞ்சின், அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் போனதும் திணறி நின்றது. மொபெட்டுக்குச் செய்கிற வைத்தியத்தையெல்லாம் அப்பா அதற்கும் செய்தார்: சாய்த்தார், பிளக்கை ஊதினார், டியூபில் அடைப்பு என்று "ஒரு இழு இழு கண்ணு" என்று என் வாயிலேயே அதைத் திணித்தார். அதற்கும் மசியாதபோது பூசையில்தான் குறை என்று, டேங்க் மூடியில் காய்ந்திருந்த சந்தனத்தின்மேல் மறுபடி சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்.

தலைவர் ஏறிய அன்றும் நடுக்குளத்தில் நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று அவர் கேட்க, அப்பா மூடியைத் திருகினார். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது, கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "சாமி கைவிடலீங்க" என்று மூடியை இறுக்கி, நன்றிக்கு இன்னொரு அப்பு அப்பினார். கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது மறுபடி நின்றது. தலைவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இடுப்பளவுச் சாக்கடையில் இறங்கினார். "படகு நல்லாத்தானுங்க இருக்குது. நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

சாயங்காலம் டேங்கைத் தேய்த்துக் கழுவிய அம்மா, மூடியின் நடுவிலிருந்த சந்தனத்தைக் கொண்டை ஊசியால் நோண்டினாள். உள்ளே ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

"ஏனுங்க, இது காத்துப் போற ஓட்டைங்க. காத்து உள்ள போனாத்தானுங்க பெட்ரோல் எறங்கும். இதுமேலயே அப்பிப்போட்டீங்களே."

அப்பா படகை எடுத்துக் குளத்தைச் சுற்றினார். அது எங்கும் நிற்கவில்லை. பார்க்கத்தான் கரையில் யாரும் இல்லை.

இப்போது அங்கே நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஆகாயத்தாமரை போய்விட்டது, படகு பழைய இரும்புக்குப் போய்விட்டது, கால் வீங்க வீங்க அடுத்தவர் தறியில் நின்ற அப்பாவும் போய்விட்டார். அந்த ஏப்பம் மட்டும் போகவில்லை. ஆயுத பூசையன்று என் கணவர் சந்தனக் கிண்ணத்தோடு ஸ்கூட்டரின் டேங்க் மூடிப் பக்கம் போனால், கையைத் தட்டிவிடுகிறேன்.