ஆல்டோ கேட்கும் ஸ்பீக்கர்

கொட்டாஞ்சேனை மாதா கோயிலின் பாடகர் குழுவில் இருபது வருடம் நான் ஆல்டோ பாடினேன். அது மேல்குரலுக்கு அடியில் ஓடும் பெண்குரல்; யாரும் அதைக் கவனிப்பதில்லை. வீட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்க முடிவானதும், எங்கள் குழு பாடிப் பதிந்த, கிறிஸ்து பிறப்பு நத்தார்ப் பாடல்களைப் போனில் ஏற்றிக்கொண்டு கணவருடன் கடை கடையாகப் போனேன்.

முதல் மூன்று கடைகளிலும் அடிநாதத்தில் மேசை அதிர்ந்ததே தவிர, எங்கள் ஆல்டோ வரிசை கேட்கவில்லை.

"ஆன்ட்டி, இதைவிட பேஸ் எங்கயும் கிடைக்காது," என்றார் மூன்றாவது கடைக்காரர்.

"பேஸ் வேண்டாம் தம்பி. எனக்கு ஆல்டோ கேக்க வேணும்."

வெளியே வந்ததும் கணவர், "எல்லாம் ஒண்டுதானே, ஒண்டை எடுப்பம்," என்றார். அவருக்குக் கால்வலி.

"நீங்கள் பஸ்ஸில வீட்ட போங்கோ. நான் கேட்டிட்டுத்தான் வருவன்."

அவர் போகவில்லை.

வெள்ளவத்தையில், நான்காவது கடையில், ஒரு சோடி சிறிய ஸ்பீக்கர்களில் பாட்டைப் போட்டார்கள். இரண்டாம் சரணத்தில் எங்கள் வரிசை தெளிவாக எழுந்தது. அதில் ஒரு குரல் சற்றுச் சுருதி இறங்கியிருந்தது.

"அது நீர்தானே?" என்றார் கணவர்.

"ஓம்."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சோடியையே கட்டித் தரச் சொன்னேன்.