ஏரிமேல் மனைவியின் முகம்

துன் ஏரியைப் பிலிமில் எடுத்து, அதன்மேல் மனைவியின் முகத்தைக் கணினியில் கலந்து ஒரு படம் செய்தேன். பிலிமின் கீறல்களை வேண்டுமென்றே விட்டிருந்தேன். கண்காட்சிக்குத் தெரிவான என் முதல் படம் அது. பெரிதாக அச்சிட, ஓல்டன் நகரில் எங்கள் ஆக்களுக்குக் கல்யாண ஆல்பம் செய்பவரிடம் கொடுத்தேன். பயத்தில் தினமும் போன் எடுத்து, "கவனம் தம்பி" என்றேன்.

கண்காட்சிக்கு முதல்நாள் போய்ப் பார்த்தால், படத்தில் மனைவி வெள்ளைக்காரி மாதிரி இருந்தாள். கீறல் ஒன்றுமில்லை. ஏரியில் இரண்டு அன்னங்கள்.

"ஆர் தம்பி இதைத் திருத்தச் சொன்னது?"

"நீங்கள்தானே அண்ணை நெடுகப் போன் எடுத்தனீங்கள். அப்பிடி எடுக்கிற ஆக்கள் எல்லாம் வெள்ளையாக்கத்தான் கேக்கிறவை. அன்னம் சும்மா போட்டுவிட்டன்."

திரும்ப அச்சிட மூன்று நாள் வேண்டுமாம். ரயிலில் இருந்தே கண்காட்சிக்காரருக்கு, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று எழுதினேன்.