அண்ணன் கையும் ஒன்பது ஓட்டைப் பலகையும்: கேமரன் மலையில் ஒரு செவ்வாய்க்கிழமை

கேமரன் மலைக்கு எல்லோரும் குளிருக்குப் போவார்கள், ஸ்ட்ராபெரிக்குப் போவார்கள். நான் போனது என் அண்ணன் கையைப் பார்க்க. பள்ளி விடுமுறை முடிந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை. வார இறுதியில் மட்டும் போய்விடாதீர்கள். கியா பார்ம் சந்தைப் பக்கம் கார்கள் ஊர்கிற வேகத்தில் வாங்கிய ஸ்ட்ராபெரி மடியிலேயே அழுகிவிடும்.

அண்ணன் தனபாலன் கம்போங் ராஜாவில் தக்காளியும் கோசும் போடுகிறவர். மூன்று வருடமாகப் பார்க்கின்சன். வலது கை நடுங்கும். நடக்கும்போது கால் திடீரென்று தரையில் ஒட்டிக்கொள்ளும். இந்த வருடத் தொடக்கத்தில் ஈப்போ மருத்துவமனை ஒன்றில் நடக்கும் மருந்துச் சோதனையில் சேர்ந்தார். ‘வளர்ச்சிக் காரணி’ என்று ஒரு புரதம். நரம்பு செல்கள் வாடாமல் தழைக்க அது உதவுமா என்று பார்க்கிறார்கள். மாதம் ஓர் ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அண்ணனுக்கும் தெரியாது, ஊசி போடும் டாக்டருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆக்கப் பொறுத்தாலும் ஆறப் பொறுக்காத ரகம் நான்.

போன பரிசோதனையில் அண்ணன் கை தேறியிருந்தது. ஒன்பது ஓட்டையுள்ள பலகையில் ஒன்பது குச்சிகளைச் செருகி எடுக்க வேண்டும். முன்னைவிட வெகு வேகமாகச் செய்தாராம். திரையில் மின்னும் கட்டங்களை அதே வரிசையில் திரும்பத் தட்டுவது இன்னொன்று, புதிதாகக் கற்றுக்கொள்ள முடிகிறதா என்று பார்க்க. அதிலும் முன்னேற்றம். அப்படியானால் அண்ணனுக்குப் போவது மருந்துதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கண்ணால் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை.

காலை ஏழுக்கு ஈப்போவிலிருந்து கிளம்பினேன். சிம்பாங் பூலாய் வழிதான் நல்லது. தாப்பா பாதையைவிட அகலம், வளைவும் குறைவு. எண்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம், டோல் இல்லை. காருக்கு எண்ணெயைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முன்னால் போன காய்கறி லோரிக்கு நான் இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். ஓட்டுநர் கையை வெளியே நீட்டி நிதானமாக டாட்டா காட்டினார். கம்போங் ராஜா மாமாக் உணவுக்கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் டீ, ஆறு ரிங்கிட். பாதி ரொட்டியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்தேன். ஒன்பது ஓட்டை போட்ட பலகை. பக்கத்தில் சாப்ஸ்டிக்கை நறுக்கிய குச்சிகள், நாலு நிறத்தில் போத்தல் மூடிகள். மருத்துவமனைப் பலகையைக் கண்ணாலேயே அளந்து வந்து தச்சரிடம் சொல்லிச் செய்ததாம், அண்ணி பெருமையாகக் காட்டினார். சாயந்தரமானால் அண்ணனை உட்காரவைத்துப் பயிற்சி. திரைக் கட்டங்களுக்குப் பதில் மூடிகள்.

இப்படிச் செய்தால் தேறியது மருந்தாலா பயிற்சியாலா என்று எப்படித் தெரியும் என்றேன்.

“பரிட்சைன்னா படிக்காம போவாங்களா விமலா?” என்றார் அண்ணி. “நம்ம பிள்ளைங்கள அப்படியா அனுப்பினோம்?”

மதிப்பெண் குறைந்தால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள், ஊசி நின்றுவிடும் என்பது அவர் பயம். கேட்டதும் அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பயிற்சியைச் சொன்னால்தானே நீக்குவார்கள், பேசாமல் பலகையை ஒளித்து வைத்துவிடலாம் என்று நானும் அவர் கட்சியில் சேர்ந்தேன். அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் செய்வார்கள் என்று அதுவரை நினைத்திருந்தாராம். பிறகு போனை எடுத்துத் தானே மருத்துவமனை தாதியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டர் மத்தியானம் அழைப்பார் என்று பதில் வந்தது.

குட்டி போட்ட பூனை மாதிரி நான் வீட்டைச் சுற்றுவதைப் பார்க்கச் சகிக்காமல், தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வரலாம் என்று அண்ணன்தான் சொன்னார். திரிங்காப், கியா பார்ம் வழியாக பிரிஞ்சாங் பக்கம் இருபது கிலோமீட்டர். தோட்டத்துப் பாதை ஒரு கார் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். போன் சிக்னல் வரும், போகும். சரிவு முழுக்கப் பச்சை, பனி விலகி வெயில் விழுந்திருந்தது. நான் பார்த்தது போன் திரையைத்தான்.

தேயிலை வரிசைகளுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். அது குறுகித் திரும்பும் இடத்தில் அண்ணன் கால் நின்றுவிட்டது. உடம்பு முன்னே சாய்கிறது, பாதம் எழவில்லை. பின்னால் ஒரு சீனக் குடும்பம் வழிக்காகக் காத்து நின்றது. அண்ணி தன் காலை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே நீட்டினார். அண்ணன் அதைத் தாண்டினார், நடை வந்துவிட்டது. போன வருடமும் இப்படித்தான் தாண்டுவார். இம்மிகூட மாறவில்லை.

“நடைக்கு நாம பயிற்சி எடுக்கல பாரு,” என்றார் அண்ணன்.

அவருக்கும் புரிந்துவிட்டது. பயிற்சி எடுத்தது தேறியிருக்கிறது, எடுக்காதது அப்படியே கிடக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

தேநீர்க் கடை வாசலில் சிக்னல் கிடைத்தது, டாக்டர் அழைத்தார். நீக்க மாட்டார்கள். போன தடவை மதிப்பெண்ணைத் தனியாகக் குறித்து வைப்பார்கள், ஒருவேளை கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பலகையும் மூடிகளும் மட்டும் வேண்டாம். தோட்ட வேலை, வழக்கமான உடற்பயிற்சி எதையும் நிறுத்தக் கூடாது. மருந்தா உப்புநீரா என்று நான் குறுக்கே புகுந்து கேட்டேன். ஒரு நாள் நடையை வைத்து யாரும் சொல்ல முடியாது, சோதனை முடியும்வரை தனக்கும் தெரியாது என்றார்.

உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு சோதனையில் சேர்ந்தவர் இருந்தால்: வீட்டில் செய்கிற எதையும் மறைக்காதீர்கள், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நடை தடுமாறுபவரைத் தேயிலைச் சரிவுக்குக் கூட்டிப் போனால் அகலமான பாதையில் நடத்துங்கள். பார்க்கின்சன் மாத்திரை வேளையைப் பயணத்துக்காகத் தள்ளிப் போடாதீர்கள். மூன்று மணிக்குமேல் மழை இறங்கும், அதற்குள் திரும்பிவிடுங்கள்.

திரும்பும்போது காரில் நான் கேட்டே விட்டேன். “வெறும் தண்ணியா இருந்தாலும் போவியாண்ணே?”

“யாராச்சும் தண்ணி ஊசி போட்டுக்கணும்லா,” என்றார். “எல்லாரும் மருந்தே கேட்டா, அது மருந்துதானான்னு எப்படித் தெரியும்?”

திரிங்காப் தாண்டியதும் அண்ணி பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தார். அப்புறம் என் தோளைத் தொட்டார்.

“அடுத்த மாசம் நீயே ஆஸ்பத்திரி உள்ள கூட்டிட்டுப் போ விமலா. நான் வெளிய காடியிலயே இருக்கேன். அவரு பலகையில தடுமாறுறதப் பாத்தா, நான் சொல்லிக் கொடுத்துருவேன்.”