பெரட்டுக் களத்தில் இரண்டு டன் நெல்

கடைகளில் உள்ளூர் அரிசி காணாமல் போன வருஷம் நான் பதினோரு பை வாங்கினேன். எல்லாம் பத்துக் கிலோப் பை. வீட்டில் சாப்பிடுகிறவர்கள் நானும் என் மனைவியும் மட்டும்தான். ஆளுக்கு இரண்டு பைதான் என்று கடையில் எழுதிப் போட்டிருந்ததால், தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் ஊர் ஜெலாப்பாங்கில் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் "தொப்பி நல்லாருக்குண்ணே" என்றார். சாமி மேடைக்கு அடியில் நான்கு, கட்டிலுக்கு அடியில் ஐந்து, மிச்சம் காரின் பின்னால். மூன்றாம் மாதம் வண்டு குடியேறியது. அதில் ஒன்று மனைவியின் தலையணையில் ஏறிய நாளிலிருந்து ஒரு வாரம் எனக்குக் கூடத்தில்தான் படுக்கை.

இந்த வருஷம் எல்லாம் தலைகீழ். வெளிநாட்டு அரிசி வந்து குவிந்தது. இறக்குமதியைத் தளர்த்திவிட்டார்கள், இல்லை, இனிமேல்தான் தளர்த்தப் போகிறார்கள் என்று காப்பிக் கடையில் ஆளுக்கொரு செய்தி. எது உண்மையோ, விலை இறங்கியது உண்மை. உள்ளூர் அரிசியைவிட மலிவு, வெந்தால் பூப்போல உதிர்கிறது. துள்ளிக் குதித்து வாங்கினேன்.

ஒரே ஒரு சிக்கல். என் மனைவியின் தம்பி பாகான் செராய் என்ற ஊரில் நிலத்தை வாடகைக்கு எடுத்து நெல் போடுகிறவன். அவன் வந்தால் பார்த்துவிடக் கூடாதே என்று வெளிநாட்டு அரிசியைப் பழைய உள்ளூர்ப் பையில் கொட்டி வைத்தேன். பையின் வாயைப் பிடித்துக்கொண்டது என் மனைவி என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அறுவடை முடிந்த மறுநாள் காலையில் மச்சான் போன் செய்தான்.

"அத்தான், மில்லுல நெல்ல எடுக்க மாட்டேங்கிறான்லா. குடோன் நெறஞ்சு கெடக்காம். போன போகத்து அரிசியே விக்கலையாம். எல்லாரும் வெளிநாட்டு அரிசிதான் வாங்குறாங்களாம்."

நான் இருமினேன்.

"லோரியிலயே இருக்கு. ஈர நெல்லு, கைய வெச்சா சுடுது. நாளைக்குள்ள காயலன்னா மொளச்சிரும். காய வெச்சுக் கொண்டா, பாக்கலாங்கிறான். இது போச்சுன்னா நெலத்தத் திருப்பிக் குடுத்துட்டு ஒங்க பேக்டரிக்கே வேலைக்கு வந்துர்றேன்."

அவர்கள் ஊரில் அறுவடை மெஷின் நெல்லை லோரியில் கொட்டும், லோரி நேராக மில்லுக்குப் போகும். காயவைப்பது மில்லின் வேலை. அதற்கென்று யாரிடமும் இடம் கிடையாது. ரோட்டோரமெல்லாம் ஏற்கெனவே மற்றவர்கள் நெல்லைப் பரப்பிவிட்டார்களாம்.

"இங்க கொண்டா!" என்று கத்திவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வீட்டு வாசலை அளந்து பார்த்தேன். ஒரு காரும் நாலு ஜோடிச் செருப்பும் நிற்கும். அளவு நாடாவோடு நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மனைவி சொன்னாள்: "ஏங்க, கோயிலுக்கு முன்னாடி பெரட்டுக் களம் இருக்குல்ல?"

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வீடுகள். மிஞ்சியது மாரியம்மன் கோயிலும், விடியற்காலையில் பால்மரம் வெட்டுகிறவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்ட அந்தக் களமும்தான். அதில் சிமெண்டு போட்டுப் பூப்பந்துக் கோடு கிழித்திருக்கிறார்கள். கோயில் தலைவர் அந்தக் காலத்தில் அப்படிப் பெயர் கூப்பிட்ட மண்டோர்.

"நெல்லா? நம்ம தோட்டத்துலயா?" என்றார். பிறகு, "வெள்ளிக்கெழம பூசைக்குள்ள அள்ளிறணும்."

மதியத்துக்குள் சின்ன லோரி வந்து இரண்டு டன் நெல்லைக் கொட்டியது. விதைக்க, உரம் போட, மருந்தடிக்க எல்லாம் மச்சானுக்குத் தெரியும். காயவைக்கத் தெரியாது. உதவிக்கு வந்த பழைய தோட்டத்து ஆட்களுக்கும் எனக்குமோ நெல்லே தெரியாது. போனில் வீடியோ பார்த்துவிட்டு, காலால் கிளறுவதற்காகப் பத்துப் பேர் வெறுங்காலோடு வரிசையாக நின்றோம். வரிசையைப் பார்த்ததும் தலைவருக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். நாங்களும் விறைப்பாக "இருக்கேன்!" என்றோம். மச்சானின் பெயர் அவருக்குத் தெரியாது. "ஏய், புது ஆளு!"

"இருக்கேன்யா!" என்றான் மச்சான். இரண்டு நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

நான் மழைக்குக் காவல். முதல் தடவை "மழை!" என்று அலறியபோது வந்தது மேகத்தின் நிழல். எல்லாரும் கான்வாஸோடு ஓடினார்கள். இரண்டாம் தடவை கோயில் தண்ணீர்த் தொட்டி வழிந்தது. மூன்றாம் தடவை என் வியர்வை. நான்காம் தடவை நிஜ மழை வந்தபோது ஒருவரும் அசையவில்லை. நான் மட்டும் கான்வாஸை இழுத்து, அது பறக்காமலிருக்க அதன் மேலேயே குப்புறப் படுத்தேன். பிறகுதான் ஓடி வந்தார்கள். காற்று நிற்கும்வரை பத்துப் பேரும் ஓரம் ஓரமாகக் கான்வாஸின் மேல் படுத்து நனைந்தோம்.

"அத்தான், நெல்லு காயுதோ இல்லியோ, நாம மொளச்சிருவோம்!" என்று கத்தினான் மச்சான்.

மூன்றாம் நாள் மில்லில் ஈரம் பார்த்து, விலையைக் கொஞ்சம் இறக்கி, எடுத்துக்கொண்டார்கள். மச்சான் நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அடுப்படியில் பையைப் பார்த்தவன், ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் விரித்தான்.

"பை மட்டுந்தான் நம்மூரு போல, அத்தான்."

வண்டு, டாக்டர், மனைவியின் பல்வலி என்று மூன்று காரணம் சொன்னேன். அவன் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

மனைவி ரசம் ஊற்றினாள்.

"நெலம்?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு போகம் பாக்குறேன். ஒங்ககூட ஒரே பேக்டரியில நிக்கிறதுக்கு நெல்லே தேவல."

மறுநாள் கடைக்குப் போய் உள்ளூர் அரிசி கேட்டேன். கடைக்காரர் பதறிப்போய் அடுக்கைப் பார்த்தார்.

"எத்தனண்ணே? பதினொண்ணா?"

"ஒண்ணு போதும்லா."

தொப்பி போடாமல்தான் போயிருந்தேன்.