ஆயுத பூஜையன்று பதில் சொல்லாத கிளைகள்

இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் கைமாறி, வீடுகளைக் காலி செய்யச் சொன்ன வருஷம் அது. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் அதிக நாள் நின்றதில்லை. கையுறைத் தொழிற்சாலை, லோரியில் மூட்டை ஏற்றுவது, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, ஈப்போவில் மாமாக் கடை எனும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டுவது. சில இடத்தில் சம்பளம் வரவில்லை, சில இடத்தில் எனக்கு அலுத்துப்போனது. கூரைக்குள் தவழ்ந்து போய் கேபிள் இழுக்க ஆள் வேண்டும் என்று ஒருவர் சொன்னதால்தான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன். ஒல்லியாக இருந்தது என் ஒரே தகுதி.

அந்தக் கம்பெனி ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக்கல் மலை முகத்துக்கு நேராக நிற்கும். கிளினிக்குகள், கடைகள், சின்னச் சின்ன ஆபீஸ்கள் ஆகியவற்றின் நெட்வர்க்கைப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். வாடிக்கையாளர்களில் பெரியவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வாங்கும் ஒரு முதலாளி. பேராக் மாநிலம் முழுக்க அவருக்குக் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் லோரியை நிறுத்தி எடை போடும் மேடை, ஒரு ஆபீஸ் அறை, அதில் கணக்கெழுதும் ஒரு கிராணி, மேசைக்கடியில் ஒரு ரவுட்டர். அந்த ரவுட்டர் வழியாகத்தான் எடை தலைமைக் கம்ப்யூட்டருக்குப் போகும், சீட்டு அச்சாகி வரும். சீட்டு இல்லாமல் ஆலை குலையை வாங்காது. வெட்டிய குலையைக் கிடப்பில் போட்டால் எண்ணெய் கெட்டுவிடும். தோட்டமே இல்லாத நானும் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஏதாவது ஒரு அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் முன்பெல்லாம் நான் வேனை எடுத்துக்கொண்டு கிளை கிளையாகப் போவேன். தாளில் எழுதிக் கொடுத்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து லேப்டாப்பில் அடிப்பேன். அர்த்தம் தெரியாது. கடலோரக் கிளையான பாகான் டத்தோவுக்குப் போய்த் திரும்பினாலே ஒரு பகல் முடிந்துவிடும். தென்னை மரங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போவது எனக்குப் பிடித்திருந்தது என்பதால் குறை சொன்னதில்லை.

பிறகு அந்த அக்கா வேலைக்கு வந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். ஆனால் அவர் என்னை "அண்ணே" என்றார், நான் அவரை "அக்கா" என்றேன். இரண்டு பேரும் திருத்திக்கொள்ளவில்லை. வந்த கொஞ்ச நாளில் எல்லாக் கிளை ரவுட்டர்களின் அமைப்பையும் வரிசையாக எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, எல்லா எடத்துலயும் நீங்கதான அடிச்சீங்க?"

"ஆமாக்கா."

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே."

"பாத்துதான்கா அடிச்சேன்."

"நான் அடிச்சாலும் அப்பிடித்தான் இருக்கும்ணே. ஒரே வேலைய மறுபடி மறுபடி கையால செஞ்சா, ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரிதான் வரும். மெஷினுக்கு அந்தக் கஷ்டம் இல்ல லா. அத செய்யச் சொல்லுவோம்."

அவர் எழுத ஆரம்பித்ததற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் தானாகச் செய்யவேண்டிய வேலையை, முதலில் இது, பிறகு இது, இப்படி ஆனால் இது என்று எழுதி வைப்பது. மந்திரம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் எனக்கே பாதி புரிந்தது. முதலில் கிளையைக் கூப்பிட்டுப் பார். பேசினால், இருக்கிற அமைப்பை ஒரு பிரதி எடுத்து வை. பிறகு புதியதைப் போடு. போட்டபின் மறுபடி கூப்பிட்டுப் பார். அப்போது பேச்சு வரவில்லையென்றால் ரவுட்டர் தானாகவே பழையபடி திரும்பிவிடட்டும். எங்கேயாவது நினைத்தது போல் இல்லையென்றால், தொடாதே, என்னிடம் சொல்.

நான் பார்த்த வேலைத்தலங்களில் எல்லாம் மேலே இருப்பவர்கள் "செய், செய்" என்றுதான் விரட்டினார்கள். எப்போது செய்யக்கூடாது என்பதை இவ்வளவு பொறுமையாக யோசித்து எழுதி வைத்த ஆளை அங்கேதான் முதலில் பார்த்தேன். அவருடைய ஸ்கிரிப்டில் வேலையைச் செய்கிற வரிகளைவிட, வேலையை நிறுத்துகிற வரிகள் அதிகம்.

அந்தச் சமயத்தில் செம்பனை முதலாளியின் தலைமைக் கம்ப்யூட்டர் பழைய இடத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற வேண்டியிருந்தது. எல்லாக் கிளை ரவுட்டர்களுக்கும் புது முகவரியைச் சொல்லியாக வேண்டும். பழைய இயந்திரத்தை மூடுவதற்கு முன், ஒரே மூச்சில். கைவேலையாகச் செய்தால் நடக்காது. ஆபீஸிலிருந்தே முடித்துவிடலாம் என்றார் அக்கா. முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அவரைச் சுற்றிக்கொண்டிருந்தது வேறு.

"பாரும்மா, மறுநாள் காலையில ஒரு லோரி சீட்டு இல்லாம நின்னாலும் நான் அங்க போயிருவேன். அப்புறம் கோவிச்சுக்காதே" என்றார்.

அவர் போய்விட்டால் அக்காவின் வேலையும் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவை வைத்திருந்ததே பாதி அந்த ஒரு வாடிக்கையாளருக்காகத்தான். வீட்டுக் கடன், படிக்கிற தம்பி, எல்லாம் அவர் தலையில்.

மாற்றம் செய்யும் நாளை அக்காதான் தேர்ந்தெடுத்தார். ஆயுத பூஜை. அன்று முதலாளியின் லோரி ஒன்றுகூட ஓடாது, எடை மேடை எல்லாம் மூடியிருக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது.

அன்று மதியம் முதலாளியே நேரில் வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி, கையில் சுண்டல் பொட்டலம். அக்கா காலையிலேயே லேப்டாப் மூடியில் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பட்டனைத் தட்டினார். திரையில் ஒவ்வொரு கிளையாக வரத் தொடங்கியது. முதல் கிளை பச்சை. இரண்டாவது பச்சை. அடுத்து சிவப்பு. மறுபடி சிவப்பு. அப்புறம் சிவப்பாகவே கீழே இறங்கிக்கொண்டு போனது.

"என்னாம்மா இது, மொளகா காயப்போட்ட மாதிரி இருக்கு?" என்றார் முதலாளி. "ஒன் மெஷின் என் கடையெல்லாம் சாத்திருச்சா?"

அக்கா பதறவில்லை. சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "இது எதையும் தொடல பாஸ். கூப்பிட்டுருக்கு, ஆள் இல்லைனு வந்துருச்சி. அவ்ளோதான். நம்ம ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே இவங்க போய்ட்டாங்க."

"எல்லாரும் ஒண்ணா எங்க போவாங்க?"

அக்கா சுங்கை சிப்புட் கிளைக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார். அங்கே கிராணியாக இருப்பவர் ஒரு வயதான அம்மாள்; இவருக்கு அவரும் ஓர் அக்கா.

"அக்கா, அந்த ரவுட்டர் பெட்டி லைட் எரியுதான்னு கொஞ்சம் பாருங்களேன்."

"எப்பிடிம்மா எரியும்? சாமிகிட்டல்ல இருக்கு."

"சாமிகிட்டயா?"

"ஆமா. வயரெல்லாம் கழட்டி, தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சி, படத்துக்கு முன்னால வச்சாச்சி. அரிவாளு, கால்குலேட்டரு, பிரிண்டரு எல்லாம் வரிசையா இருக்கு. பாக்கவே அம்சமா இருக்குமா."

"எடுத்து மாட்ட முடியுமாக்கா? கொஞ்ச நேரம்தான்."

"அது எப்பிடி? நாளைக்கிக் காலையில மறுபூஜை முடிஞ்சாதான் எடுக்கணும். மண்வெட்டியிலேர்ந்து மெஷின் வரைக்கும் எல்லாம் ஓய்வு எடுக்கணும்னு முதலாளிதான் எல்லாக் கிளைக்கும் சொல்லிருக்காரு. நீங்க வேணா அவருகிட்ட கேட்டுட்டு வாங்க. ஏம்மா, நீங்க சாமி கும்பிடலையா?"

"கும்பிட்டேன்கா. கும்பிட்டுட்டு வேலை பாக்குறேன்."

"அதான் தப்பு" என்று சொல்லி அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

முதலாளி சுண்டல் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாப் பெட்டியும் திரும்ப மாட்டப்படும். ஆனால் அவர் அப்பா ஒற்றை லோரியோடு தொழில் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல மனம் வரவில்லை என்று தெரிந்தது. இரவோடு பழைய இயந்திரத்தை மூடிவிடுவார்கள், சொல்லாவிட்டால் காலையில் லோரிகள் நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"தப்பு என்னோடதுதான்" என்றார் அக்கா. "லோரிக்கு லீவுனு யோசிச்சேன், ரவுட்டருக்கும் லீவுனு யோசிக்கல. எங்க வீட்டுலயே அம்மா கிரைண்டர சாமிகிட்ட வச்சிருக்காங்க. விடுங்க பாஸ், யாரையும் எடுக்கச் சொல்ல வேணாம். அது எந்திரிக்கிற வரைக்கும் நாம காத்திருப்போம்."

"காலையில கதவத் தொறக்கும்போதே லோரி நிக்குமேம்மா."

"நிக்கட்டும். கண்ணு முழிச்ச ஒடனே மாத்திருவோம்."

அவர் செய்தது சின்ன மாற்றம்தான். ஆள் இல்லையென்றால் நிறுத்திவிடு என்று இருந்த இடத்தில், ஆள் இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடு என்று எழுதினார். வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இரு. வந்ததும் மற்றது எல்லாம் பழையபடி. பிரதி எடு, மாற்று, சரிபார். எழுதி முடித்து, எங்கள் ஆபீஸ் ரவுட்டரைக் கழற்றச் சொல்லி, மறுபடி மாட்டச் சொல்லி, முதலில் அதில் பரீட்சை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, பாகான் டத்தோ மட்டும் தூரம். ஏதாச்சும்னா ஓடிப்போக முடியாது. விடியும்போதே வேற பெட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு அங்க போயிருங்களேன்."

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது பூஜை முடிந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வழியிலேயே அக்காவிடமிருந்து குரல் செய்திகள் வந்துகொண்டிருந்தன. சுங்கை சிப்புட் வந்துருச்சி. அடுத்ததும் வந்துருச்சி. ஒவ்வொரு ஊரிலும் கற்பூரம் அணைந்து, யாரோ ஒருவர் பெட்டியை மேசைக்கடியில் மாட்ட, ஈப்போவில் ஒரு வரி பச்சையாக மாறிக்கொண்டிருந்தது. வேனை ஓட்டிக்கொண்டே அதைக் கேட்டபோது, நான் எத்தனையோ நாள் அலைந்த ஊர்களையெல்லாம் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்து தட்டி எழுப்புகிறாள் என்று பெருமையாக இருந்தது. என் வேன் வேலை இதனால் குறையும் என்பதும் தோன்றியது. அதற்காகப் பெருமை குறையவில்லை.

பாகான் டத்தோ மட்டும் எழவில்லை. கிராணி பெட்டியை மாட்டியிருந்தார், மின்சாரம் வருவதைக் காட்டும் விளக்கு எரிந்தது, இணைய விளக்கு எரியவில்லை. வெளியே எடை மேடைமேல் குலை நிறைந்த லோரி ஏறி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

லோரிக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "என்னா மச்சான், ஒங்க சாமி இன்னும் எந்திரிக்கலையா? காப்பி வாங்கிக் குடுக்கவா?"

"பல்லு வெளக்குது, இருங்க" என்றேன்.

குனிந்து பார்த்தேன். கிராணி அண்ணன் பக்தியில் தாராளம். பெட்டிக்கு நெற்றி எது என்று தெரியாமல், கேபிள் செருகும் ஓட்டை பக்கமாகவே சந்தனத்தை அப்பியிருந்தார். காய்ந்து உள்ளே அடைத்திருந்தது. கொண்டுபோன பெட்டியை மாட்டலாமா என்று போனில் கேட்டேன்.

"அதுல இந்தக் கிளையோட அமைப்பு இல்லண்ணே, நேரமாகும். மொதல்ல கரண்ட நிறுத்திட்டு சொரண்டிப் பாருங்க" என்றார் அக்கா. முதலாளி பக்கத்தில் இருந்தார் போலும், யாரோ இருமுவது கேட்டது.

பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டினேன். ஊதினேன். கேபிள் முனையைச் சட்டையில் துடைத்தேன். கிராணி அண்ணன் பக்கத்தில் நின்று, "சாமி குத்தம் ஆயிராதே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாட்டி, சுவிட்சைப் போட்டேன். விளக்கு ஒருமுறை மினுக்கியது, நின்றது, பிறகு விடாமல் எரிந்தது.

நான் வேறெதையும் தொடவில்லை. லேப்டாப் வேனிலேயே கிடந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். போனில் அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"பிரதி எடுக்குது" என்றார். பிறகு, "மாத்துது."

மேசைமேல் பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டது. கிராணி அண்ணன் சீட்டைக் கிழித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஜன்னல் வழியே லோரிக்காரரிடம் நீட்டினார். லோரி உறுமிக்கொண்டு மேடையை விட்டு இறங்கியது. அடுத்தது ஏறியது.

போனில் முதலாளியின் குரல் வந்தது. எனக்கு இல்லை, அக்காவுக்கு. "அடுத்த வருசம் பூஜைக்கு ரெண்டு நாள் முன்னால என்கிட்ட சொல்லிட்டு செய்மா. பொட்டு எங்க வைக்கணும்னு இவனுங்களுக்கு நானே படம் போட்டு அனுப்புறேன்."

"சரி பாஸ்" என்றார் அக்கா. பிறகு, "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.